பற்றுக் குறிக்கு விசை எங்கே?

மாணவ நண்பர்களே, கீழே தனியாக நிற்கும் இந்தக் குறியைச் சற்று உற்றுப் பாருங்கள்.

௶

இது என்ன? அரிச்சுவடியில் இதை நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் இது தமிழ் எழுத்துமுறையைச் சேர்ந்ததுதான். 'பற்று' என்ற சொல்லை முழுதாக எழுத நேரமில்லாத கணக்குப்பிள்ளைகள் அதை இப்படிச் சுருக்கி எழுதினார்கள். இதற்கு இணையான ௷ என்பது 'வரவு'. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹. இவற்றுள் சிலவற்றைப் பழைய கல்யாணப் பத்திரிகைகளில் நீங்கள் பார்த்திருக்கவும் கூடும்.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், கோட்டையூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு இவை அந்நியமானவை அல்ல. நகரத்தார் ரங்கூனிலும் சைகோனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் வட்டிக்கடை நடத்திய காலத்தில் அந்தக் கடைகளின் கணக்குகள் கப்பலேறி ஊருக்கு வரும். சிட்டை, பேரேடு, ஐந்தொகை என்று பலவகை ஏடுகள். ஐந்தொகை என்பது ஏறத்தாழ இன்றைய இருப்புநிலைக் குறிப்பு. உங்கள் வயதுப் பையன் ஒருவன் 'பெட்டியடிப் பையன்' என்ற பெயரில் கடையில் உட்கார்ந்து இந்தக் குறிகளைக் கற்றுக்கொண்டுதான் பிற்பாடு அடுத்தாள், மேலாள் என்று உயர்ந்தான். இன்று பழைய வீடுகள் இடிபடும்போது தேக்குத் தூணுக்கும் கண்ணாடிக்கும் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் நல்ல விலை கிடைக்கிறது. கணக்கேட்டை மதிப்பவர் குறைவு. பெரும்பாலும் எடைக்குப் போகிறது. (எல்லாரும் அப்படி விட்டுவிடவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களும் தாள்களுமாக ஏறத்தாழ ஒரு லட்சம் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தபின் அந்தச் சேகரிப்பு சென்னை சென்று, அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாயிற்று.)

இப்போது ஒரு சிறு சோதனை. உங்கள் வீட்டில் அத்தகைய ஏடு ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பக்கத்தையாவது கணிப்பொறியில் ஏற்றி வைக்க விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி ஆய்வகத்துக் கணிப்பொறியின் முன் அமர்ந்து ௶ என்று அடித்துக் காட்டுங்கள், பார்க்கலாம்.

பெரும்பாலோர் விசைப்பலகையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சார், இதில் அந்த எழுத்து இல்லை" என்பீர்கள். அங்கேதான் நான் உங்களோடு மாறுபடுகிறேன். அந்த எழுத்து இருக்கிறது. உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அகரத்தின் எண் 2949, ககரத்தின் எண் 2965. பற்றுக் குறிக்கு 3062, வரவுக் குறிக்கு 3063. இந்தக் கணக்குக் குறிகள் 2003-ல் பட்டியலில் சேர்ந்தன. ஆகவே அவை உங்கள் கணிப்பொறிக்குத் தெரிந்த எழுத்துகளே. விசைதான் வைக்கப்படவில்லை; சில மென்பொருள்களில் யாரும் தேடாத மூலையில் வைக்கப்பட்டிருக்கிறது. அந்த விசையை நீங்களே வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொள்ளவும் வேண்டும். உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் தாம் எழுதும் மென்பொருளின் அமைப்புகளைத் தம் கையால் மாற்றக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. பொழுதுபோக்காக அல்ல, கணக்கும் கட்டுரையும் கற்பதுபோல.

இரும்பும் வரியும்

தட்டச்சுப் பொறியை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் 1886-ல் பிறந்து, சிங்கப்பூரில் பணிபுரிந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுக்கு வடிவம் தந்தவர். 247 எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைவான விசைகளுக்குள் அடக்குவது எத்தகைய வேலை! கொம்பை ஒரு விசையில் தனியே வைத்தார். காலை இன்னொரு விசையில் வைத்தார். 'கொ' என்று அடிக்க முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கை போகும். 'யளனகப' என்று தொடங்கும் பாடத்தைத் தட்டச்சுப் பயிலகங்களில் எத்தனையோ தலைமுறை அடித்துப் பழகியிருக்கிறது.

ஆனால் அந்தப் பொறியில் எழுத்து இரும்பில் வார்க்கப்பட்டிருந்தது. ஒரு விசையின் இடத்தை மாற்ற வேண்டுமானால் பொறியைக் கழற்றி, அச்சை வெட்டி, வேறு அச்சைப் பற்றவைக்க வேண்டும். ௶ வேண்டும் என்று கேட்ட கணக்குப்பிள்ளைக்கு 'முடியாது' என்பதே நேர்மையான பதில்.

கணிப்பொறியில் நிலைமை முற்றிலும் வேறு. விசையை அழுத்தினால் பொறிக்குப் போய்ச் சேருவது எழுத்தன்று. 'இந்த விசை அழுத்தப்பட்டது' என்ற செய்தி மட்டுமே. அதை எந்த எழுத்தாகக் கொள்வது என்பதை ஒரு பட்டியல் தீர்மானிக்கிறது. அந்தப் பட்டியல் ஏதோ ஒரு கோப்பில் சில வரிகளாக இருக்கிறது. வரியை மாற்றினால் விசை மாறிவிடும். இத்தனை வசதி கைக்கு வந்த பிறகும், அது இரும்பில் வார்த்தது என்று எண்ணிக்கொண்டு நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

வேறொருவர் மேசையின் வசதி

இனி, உரை திருத்தி என்னும் மென்பொருளுக்கு வருவோம். வெறும் எழுத்துகளை மட்டும் எழுதவும் திருத்தவும் பயன்படுவது அது. தடித்த எழுத்து, வண்ணம், பக்க அலங்காரம் எதுவும் கோப்பில் சேராது. நிரல் எழுதுவோர் அன்றாடம் கையாளும் கருவி இதுவே. நோட்பேட் பிளஸ் பிளஸ், விம், ஈமாக்ஸ், விஷுவல் ஸ்டுடியோ கோட் முதலியவை இவ்வகை. இவற்றை நிறுவியவுடன் எல்லாம் ஏற்கெனவே ஓர் ஒழுங்கில் அமைந்திருக்கும். எழுத்தின் அளவு, வரிகளின் இடைவெளி, விசைகளின் வேலை என்று பலவும் முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்கும். இவற்றை நாம் இயற்கை விதிகள்போல ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் இவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவர், ஏதோ ஒரு நாள், தம் வசதிக்காகச் செய்த முடிவு.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1976-ஆம் ஆண்டுவாக்கில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் என்ற மாணவர் 'வி.ஐ' என்ற உரை திருத்தியை எழுதினார். அதில் நகர்குறியை இடம், கீழ், மேல், வலம் என நகர்த்த எச், ஜே, கே, எல் என்ற நான்கு விசைகள். ஏன் இந்த நான்கு? அவர் முன் இருந்தது ஏ.டி.எம்-3ஏ என்ற முனையம். அதன் விசைப்பலகையில் அம்புக்குறிகளுக்குத் தனி விசை கிடையாது. இந்த நான்கு எழுத்து விசைகளின் மேலேயே அம்புகள் பொறிக்கப்பட்டிருந்தன. வி.ஐ-யில் அடிக்கடி தேவைப்படும் எஸ்கேப் விசை இன்று டேப் இருக்கும் இடத்தில், சுண்டுவிரல் எட்டும் தூரத்தில் இருந்தது. அந்த முனையம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. ஆனால் அதன் அம்புகள் வி.ஐ-யின் வாரிசான விம் வழியாக இன்றைய மடிக்கணினியிலும் உயிரோடு இருக்கின்றன. எஸ்கேப் விசை மட்டும் எட்டாத மூலைக்குப் போய்விட்டது. அதனால்தான் விம் பயன்படுத்துவோர் பலர் முதல் வேலையாகக் கேப்ஸ் லாக் விசையை எஸ்கேப்பாக மாற்றிக்கொள்கிறார்கள். பில் ஜாய் தம் மேசைக்கு ஏற்றபடி செய்துகொண்டார். நாம் நம் மேசைக்கு ஏற்றபடி செய்துகொண்டால் என்ன?

தமிழில் எழுதுவோருக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. உரை திருத்திகளைச் செய்தவர்கள் ஆங்கில நிரலை மனத்தில் வைத்தே செய்தார்கள். எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்பது அவர்கள் கணக்கு. 'ர'வும் 'ணை'யும் ஒரே அகலத்தில் அடங்குமா? ஆகவே தமிழ் எழுத்துகள் ஒன்றையொன்று இடிக்கும், அல்லது இடையில் பள்ளம் விழும். ஊகாரச் சுழிகள் கீழ்வரியில் முட்டும். ஆங்கில எழுத்துப்பிழை பார்க்கும் வசதி, பிழையே இல்லாத தமிழ்ச் சொற்களுக்கடியில் சிவப்புக் கோடு இழுத்தாலும் இழுக்கும். நிரல் வரிகள் குட்டையானவை என்பதால் நீண்ட பத்தி மடங்காமல் திரைக்கு வெளியே ஓடிவிடும். இவற்றைக் கண்ட மாணவர், 'தமிழ் கணிப்பொறிக்கு ஒத்துவராது' என்று முடிவு கட்டிவிடுகிறார். ஐந்து நிமிட வேலையைத் தாய்மொழியின் குறையாக எண்ணிவிடுகிறார். இதுதான் எனக்கு வருத்தம் தருவது.

அமைப்புகள் பகுதியைத் திறந்து நல்ல தமிழ் எழுத்துரு ஒன்றின் பெயரைக் கொடுங்கள். வரி உயரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். வரி மடிப்பை இயக்குங்கள். பிழைபார்ப்பை நிறுத்துங்கள். இந்த நான்கையும் செய்துவிட்டு ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். கருவி வேறு கருவியாகிவிட்டதை உணர்வீர்கள்.

ஒரு யோசனை. மாற்றங்களைப் பட்டியலில் சொடுக்கிச் செய்வதைவிட, அமைப்புக் கோப்பைத் திறந்து கையால் எழுதுவதையே நான் விரும்புகிறேன். மேலே சொன்ன மென்பொருள்களின் அமைப்புகளும் சாதாரண எழுத்துக் கோப்புகளிலேயே இருக்கின்றன. விஷுவல் ஸ்டுடியோ கோடில் ஒரு பெயர், ஒரு முக்காற்புள்ளி, ஒரு மதிப்பு, அவ்வளவுதான். கையால் எழுதும்போது எதை மாற்றினோம் என்பது நினைவில் நிற்கும். ஒவ்வொரு வரியின் அருகிலும் ஏன் மாற்றினீர்கள் என்று தமிழில் ஒரு குறிப்பும் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே கோப்பைப் பார்க்கும்போது உங்களுக்கே நன்றி சொல்வீர்கள்!

தமிழ்99 என்னும் நல்ல பட்டியல்

தமிழ் அடிக்க இன்றைய விண்டோஸிலும் லினக்ஸிலும் தமிழ்99 விசைப்பலகை உடன் வருகிறது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் பயனாக முடிவான அமைப்பு அது. தமிழக அரசு அதே ஆண்டில் ஏற்றுக்கொண்டது. உயிர் பன்னிரண்டும் இடக்கையில், மெய் பதினெட்டில் பெரும்பாலானவை வலக்கையில், புள்ளி ஒன்று. ஆக 31 விசைகள். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு முறை தட்டினால் போதும். ஒரே மெய் இரட்டித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழுந்துவிடும். தமிழின் ஒலியமைப்பை உணர்ந்து செய்த பட்டியல். பள்ளிகளில் ஆங்கில எழுத்தால் ஒலிபெயர்த்து அடிக்கப் பழக்குவதை விட்டு இதைப் பழக்கலாமே என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அது தனிக் கட்டுரைக்கு உரியது.

இந்தப் பட்டியலை இயங்குதளத்தில் வைத்தால் போதாதா, உரை திருத்திக்குள்ளும் வேண்டுமா? விம்மைப் பயன்படுத்திப் பார்த்தால் விடை தெரியும். விம்மில் எழுதும் நிலை ஒன்று, கட்டளை நிலை ஒன்று. கட்டளை நிலையில் 'ஜே' தட்டினால் நகர்குறி கீழே இறங்க வேண்டும். தமிழ்99 இயங்கிக்கொண்டிருந்தால் 'ஜே' விசை பகரத்தை அனுப்பும். 'ப' என்றொரு கட்டளை விம்முக்குத் தெரியாது, விழிக்கும். ஒவ்வொரு முறையும் மொழியை மாற்றி மாற்றி எழுதுவோர் அரைமணியில் வெறுத்துப்போவார்கள். இதற்காகவே விம்மில் 'விசைப்படம்' என்ற அமைப்பு இருக்கிறது. அது எழுதும் நிலையில் மட்டும் தமிழ் தரும். கட்டளை நிலையில் ஒதுங்கிக்கொள்ளும். ஈமாக்ஸிலும் இதுபோன்ற தமிழ் உள்ளீட்டு முறைகள் உடன் வருகின்றன.

விம்முடன் ஒரு தமிழ் விசைப்படம் வருகிறது என்றாலும், அது யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி என்ற குறியீட்டுக்கானது. ஆகவே யூனிகோடுக்கு ஏற்ற படத்தை நாமே எழுதலாம். பயப்படாதீர்கள். 'இந்த விசைகள் வந்தால் இந்த எழுத்து' என்று வரிக்கு ஒன்றாக எழுதுவதுதான். பதினெட்டு மெய்யோடு அகரம் நீங்கிய பதினோர் உயிரும் சேர 198 வரிகள். அவ்வளவையும் கையால் எழுத வேண்டியதில்லை. பைத்தானில் ஒரு சுற்றுக்குள் இன்னொரு சுற்று வைத்தால் நான்கைந்து வரி நிரலே அவற்றை எழுதிக் கொடுத்துவிடும். அதன் கீழே கணக்குக் குறிகளுக்காக இன்னும் எட்டு வரிகளை நீங்கள் சேர்த்துவிட்டால், செட்டிநாட்டுப் பேரேட்டுக்கென்றே ஒரு விசைப்பலகை தயார்!

விம் வேண்டாம் என்போருக்கும் வழி உண்டு. லிப்ரே ஆஃபீஸில் தானே திருத்திக்கொள்ளும் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் இடப்பக்கம் 'பற்.' என்றும் வலப்பக்கம் ௶ என்றும் கொடுத்துவிட்டால், அடுத்த முறை 'பற்.' என்றவுடன் குறி வந்து நிற்கும். கைப்பேசியில் மட்டுமே எழுதுவோர் விசைப்பலகைச் செயலியின் தனிப்பட்ட அகராதியில் இதே சுருக்கத்தைப் பதியலாம். குறியை முதல்முறை எங்கிருந்து எடுப்பது? கணிப்பொறியில் உள்ள குறியீட்டுப் பட்டியலில் தமிழ்ப் பகுதியைத் திறந்து எடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள். ஒருமுறை செய்தால் போதும்.

செருகுநிரலும் அதன் விலையும்

அமைப்பு என்பது மென்பொருளில் இருக்கும் வசதியை முறுக்கி வைப்பது. செருகுநிரல் என்பது இல்லாத வசதியை வெளியிலிருந்து கொண்டுவந்து பொருத்துவது. உங்களில் சிலர் இந்த விஷயத்தில் மிகவும் முன்னேறியவர்கள் என்பதை அறிவேன். முப்பது நாற்பது செருகுநிரல்களை நிறுவி, திரையின் நிறத்தை வாரம் ஒன்றாக மாற்றி, இன்னும் ஒரு நிரல்கூட எழுதாதவர்களும் உண்டு. அவர்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்.

ஈமாக்ஸ் பிறந்த கதையைக் கேளுங்கள். 1970-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 'டெக்கோ' என்ற உரை திருத்தி புழக்கத்தில் இருந்தது. அங்கிருந்தோர் தத்தம் வசதிக்குச் சிறு கட்டளைத் தொகுப்புகளை எழுதிப் பொருத்திக்கொண்டனர். நாளடைவில் ஒருவர் மேசையில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு வரிகூடத் திருத்த முடியாத நிலை வந்தது. ஒருவர் வைத்த விசை மற்றவருக்குப் புரியவில்லை. கை ஸ்டீல் என்பவர் அத்தொகுப்புகளை ஒருங்கிணைக்கத் தொடங்கினார். ரிச்சர்ட் ஸ்டால்மன் அதை முன்னெடுத்துச் சென்றார். 1976-ல் ஈமாக்ஸ் உருவானது. பெற்றுக்கொள்பவர்கள் தாம் செய்யும் மேம்பாடுகளைத் திருப்பித் தரவேண்டும் என்று ஸ்டால்மன் கேட்டுக்கொண்டார். தனக்கென்று செய்துகொள்வதும் பிறரோடு பகிர்ந்துகொள்வதும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பதை அவர்கள் பட்டறிவால் கண்டார்கள்.

ஆத்தங்குடித் தரைக்கல்லைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, சாயக் குழம்பை ஊற்றிக் கையால் செய்யும் கல் அது. வீட்டுக்கு வீடு பூவும் நிறமும் வேறு. ஆனால் ஒரு தரைக்குரிய கற்களெல்லாம் ஒரே அளவில் இல்லாவிட்டால் தரை சேராது. அப்படியே உங்கள் நிறம், உங்கள் விசை, உங்கள் எழுத்துரு எதுவாகவும் இருக்கட்டும். எழுதி முடித்த கோப்பு மட்டும் எவர் கணிப்பொறியிலும் திறக்கும் யூனிகோடு உரையாக இருக்கட்டும்.

செருகுநிரலை நம்பியே வேலையைக் கட்டிக்கொள்வதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. கிட்ஹப் நிறுவனம் 2014-ல் 'ஆட்டம்' என்ற உரை திருத்தியை வெளியிட்டது. இளைஞர் பலர் விரும்பி ஏற்றார்கள். ஆயிரக்கணக்கான செருகுநிரல்கள் குவிந்தன. 2018-ல் கிட்ஹப்பை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. மைக்ரோசாஃப்டிடம் ஏற்கெனவே விஷுவல் ஸ்டுடியோ கோட் இருந்தது. 2022 டிசம்பர் 15-ஆம் நாளோடு ஆட்டத்தின் ஆட்டம் முடிந்தது. (வேடிக்கை என்னவென்றால், விஷுவல் ஸ்டுடியோ கோடு நிற்கும் எலக்ட்ரான் என்ற அடித்தளமே ஆட்டத்துக்காகச் செய்யப்பட்டதுதான்.) ஆட்டத்தில் எழுதிய கோப்புகளுக்கு எந்தச் சேதமும் இல்லை, அவை வெறும் எழுத்துகள். செருகுநிரல்களோடு பழகிய பழக்கம்தான் வீணாயிற்று. 1991-ல் பிராம் மூலினார் வெளியிட்ட விம்மோ அவர் 2023 ஆகஸ்டில் மறைந்த பிறகும் பிறர் பராமரிப்பில் தொடர்கிறது.

பாதுகாப்பையும் எண்ணிப் பாருங்கள். விஷுவல் ஸ்டுடியோ கோடில் நீங்கள் நிறுவும் செருகுநிரல் உங்கள் பெயரிலேயே, உங்கள் உரிமைகளோடு இயங்குகிறது. நீங்கள் திறக்கக்கூடிய கோப்பை அதுவும் திறக்கலாம். நீங்கள் அனுப்பக்கூடியதை அதுவும் அனுப்பலாம். வீட்டுச் சாவியை முன்பின் தெரியாதவரிடம் கொடுப்பீர்களா? ஆகவே நான் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஒரே வேலையைப் பலமுறை கையால் செய்து அலுத்துப்போகும் வரை செருகுநிரல் தேடக் கூடாது. அலுப்பு வந்தபிறகு தேடினால், என்ன வேண்டும் என்று உங்களுக்கே தெளிவாகத் தெரிந்திருக்கும். அப்போதும் யார் எழுதியது, கடைசியாக எப்போது திருத்தப்பட்டது, மூல நிரல் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே நிறுவ வேண்டும்.

"அதையெல்லாம் நோண்டாதே!"

வீட்டில் பெரியவர்கள் இதை நேர விரயம் என்பார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. பரீட்சைக்கு முந்தின இரவு எழுத்துருவின் நிறத்தை மாற்றிக்கொண்டிருப்பவரைக் கண்டித்தால் நியாயம்தான். ஆனால் பேனாவின் முள்ளைத் திருத்திக்கொள்வதையும், சைக்கிள் இருக்கையைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொள்வதையும் எவரும் விரயம் என்பதில்லை. அளவுதான் கேள்வி.

பள்ளி ஆய்வகங்களில் நிலைமை இன்னும் கடினம். பல இடங்களில் எதையும் மாற்றக் கூடாது என்பது சட்டம். இதற்கு ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. இருபது பொறிகளை நாலு வகுப்புகள் பங்கிடும்போது, ஒரு வகுப்பு மாற்றியதை அடுத்த வகுப்பு சுமக்க வேண்டியிருக்கும். ஆனாலும் பூட்டி வைப்பது ஒன்றுதான் வழியா? மாணவர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்குப் பெயர் கொடுத்தால், ஒருவர் மாற்றம் மற்றவரைத் தொடாது. நோட்பேட் பிளஸ் பிளஸையும் விஷுவல் ஸ்டுடியோ கோடையும் அமைப்புகளோடு சேர்த்து ஒரே கோப்புறையில் வைத்து, நிறுவாமலே இயக்கும் முறையும் இருக்கிறது. 2011-ல் தொடங்கித் தமிழக அரசு மேல்நிலை மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கியது நினைவிருக்கும். பொறி கைக்கு வந்தது. அது என்னுடையது, இதை நான் திருத்தலாம் என்ற துணிவு பலருக்கு வரவில்லை. ஆய்வகத்தில் முதல் வகுப்பையே 'உன் உரை திருத்தியை உனக்கு ஏற்றபடி அமை' என்று தொடங்கினால் அந்தத் துணிவு வரும் என்று நம்புகிறேன்.

நீங்களே எழுதும் செருகுநிரல்

கணக்கேட்டுக்குத் திரும்புவோம். வரவும் பற்றும் எழுதியாயிற்று. தொகையை எழுத வேண்டுமே! பழைய ஏடுகளில் பின்னங்கள் தசமத்தில் இரா. முக்கால், அரை, கால், அரைக்கால், வீசம், மா, காணி, முந்திரி என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி உண்டு. காலுக்கு வகரத்தை ஒத்த வடிவம். இவையும் பிற பழங்குறிகளுமாக 51 எழுத்துகள் 2019 மார்ச்சில் வெளிவந்த யூனிகோடு 12-ஆம் பதிப்பில் 'தமிழ் இணைப்பு' என்ற புதிய பகுதியில் சேர்ந்தன. 73664-இலிருந்து 73727 வரை உள்ள இடங்கள் இதற்கு உரியவை. ஆனால் பல கணிப்பொறிகளில் இவை வெறும் கட்டமாகவே தெரியும். எழுத்து இருக்கிறது, எழுத்துரு இல்லை என்பதே அதன் பொருள். அந்தக் கட்டத்துக்கு வேடிக்கையாக 'டோஃபு' என்று பெயர். சோயாப் பாலில் செய்யும் வெள்ளைக் கட்டிதான் டோஃபு. 'டோஃபு கூடாது' என்பதையே பெயராகக் கொண்டது கூகுளின் நோட்டோ எழுத்துரு வரிசை. அதில் தமிழ் இணைப்புக்கென்று தனி எழுத்துரு உண்டு. அதை நிறுவி, உங்கள் உரை திருத்தியின் எழுத்துருப் பட்டியலில் இரண்டாவதாகச் சேர்த்துவிட்டால் பெரும்பாலும் கட்டங்கள் குறிகளாகிவிடும்.

அடுத்து, இந்தத் தொகைகளைக் கூட்டிக் காட்டும் செருகுநிரல் ஒன்று வேண்டும். தேடிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள், நீங்களே எழுதுங்கள். நல்ல முதல் முயற்சியாக அமையும். 'முக்காலே மாவே காணி' என்ற சொற்களைத் தேர்ந்தெடுத்து ஒரு விசையை அழுத்தினால், அதன் மதிப்பு பக்கத்தில் வர வேண்டும்.

கணக்கிடும் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. மா என்பது 1/20, காணி 1/80, முந்திரி 1/320. கணிப்பொறி இரட்டை எண் முறையில் கணக்கிடுவது. அதனால் 1/16-ஐ அது மிகச் சரியாக வைத்துக்கொள்ளும். 1/20-ஐ வைத்துக்கொள்ளாது, ஏனெனில் 20-க்குள் ஐந்து என்ற காரணி இருக்கிறது. நுண்ணிய பிழை ஒட்டிக்கொள்ளும். வட்டிக்கணக்கில் பிழை ஆகுமா? ஆகவே நம் முன்னோர் வழியிலேயே முந்திரியை அலகாகக் கொள்ளுங்கள். முந்திரி 1, காணி 4, மா 16, வீசம் 20, அரைக்கால் 40, கால் 80, அரை 160, முக்கால் 240. எல்லாம் முழு எண்கள்! கூட்டி முடித்தபின் கடைசியில் மட்டும் 320-ஆல் வகுக்கலாம். மேலே கேட்ட தொகை 240, 16, 4 சேர்ந்து 260 முந்திரி. மாவும் காணியும் சேர்ந்தால் 20, அதாவது சரியாக ஒரு வீசம். வீசத்துக்கு 'மாகாணி' என்று இன்னொரு பெயர் வந்த காரணம் இப்போது தெரிகிறதல்லவா?

நிரல் எழுதி முடித்ததும் அதற்கு ஒரு பரீட்சை வையுங்கள். ஏறக்குறைய முழுதும் என்பதற்கு நம் பாட்டிமார் 'முக்காலே மூணு வீசம்' என்பார்கள். அதை உள்ளே கொடுங்கள். 300 முந்திரி, அதாவது 0.9375 என்று விடை வந்தால் சரி. 260 என்று வந்தால், உங்கள் நிரல் 'மூணு' என்ற சொல்லைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போயிருக்கிறது. அந்த வரியைத் தேடித் திருத்துங்கள்.